நாலு விரல் இடைவெளி

ஸ்பேனர்களை யாரோ துடைத்து வைத்திருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சமையலறைக் கதவைத் திறந்துகொண்டு கார் ஷெட்டுக்குள் வந்த அவள் கண்ணில் முதலில் பட்டது அதுதான். முந்தின நாள் சாயங்காலம் தம்பி வேலையைப் பாதியில் போட்டுவிட்டு எழுந்து போனபோது, அந்தத் தகரத் தட்டில் எல்லாம் எண்ணெயும் கிரீசுமாகக் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தன. அதைப் பார்த்து முகம் சுளித்துவிட்டுத்தான் அவள் விளக்கையே அணைத்தாள். இப்போது அத்தனையும் பளிச்சென்று, சின்னதிலிருந்து பெரியதுவரை வரிசையாக, ஒரே பக்கம் தலைவைத்துப் படுத்திருந்தன. துடைத்த துணிகூட நாலாக மடித்து ஓரத்தில் வைக்கப்பட்டிருந்தது.

தம்பி செய்திருப்பான் என்று நினைக்க வழியே இல்லை. முப்பது வயதைத் தாண்டிய அந்தத் தடியன், குடித்த டம்ளரை இதுவரை கழுவும் இடத்தில் கொண்டுபோய்ப் போட்டதில்லை. அவள் நேராகப் போய் அவனைப் பிடித்தாள்.

"டேய், நேத்து ஷெட்டுக்கு யாரு வந்தா?"

பல் தேய்த்துக்கொண்டிருந்தவன் வாயில் நுரையோடு திரும்பினான். "யாரு வருவா?"

"ஸ்பேனரெல்லாம் துடைச்சு அடுக்கி வச்சிருக்கு."

"நீதான் துடைச்சிருப்ப. உனக்குத்தான் அந்த வியாதி."

"நான் தொடவே இல்லை. உண்மையைச் சொல்லு, எவளையாவது கூட்டிட்டு வந்தியா?"

"அக்கா, எவளாவது என்னைத் தேடி வந்தா, வந்த இடத்துல ஸ்பேனரா துடைச்சிட்டு இருப்பா?"

அதுவும் நியாயம்தான். ஆனால் அவள் அதோடு விடுகிற ஆள் இல்லை. வருஷக்கணக்காக மருந்துக்கடையில் நிற்பவள். டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டையே இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் மாத்திரையை எடுப்பாள். சந்தேகம் அவளுக்குச் சம்பளத்தோடு சேர்ந்து வந்த குணம். ஷட்டரின் பூட்டைப் போய் இழுத்துப் பார்த்தாள். பூட்டு பூட்டியபடி இருந்தது. சாவி அவளுடைய கைப்பையில் இருந்தது. சமையலறைக் கதவின் தாழ்ப்பாள் வீட்டுப் பக்கம் போட்டது. அதை இப்போது திறந்தவளே அவள்தான். ஷெட்டுக்கு வேறு வழி இல்லை. நடுவில் அந்தக் கார் மட்டும் நின்றுகொண்டிருந்தது.

கறுப்புக் கார். இடுப்பு உயரம்கூட இல்லை. அதற்குள் யாரும் ஏற முடியாது, விழத்தான் முடியும். தரைக்கும் அதன் வயிற்றுக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி. அவள் கையை வைத்தே பார்த்திருக்கிறாள். ஒரு பூனைகூட அதற்குள் போகாது. உண்மையில் தெருப் பூனைகள் மற்ற வண்டிகளின் அடியில் சுருண்டு கிடக்கும், இதன் பக்கத்தில்கூட வருவதில்லை. தம்பிக்குச் சின்ன வயதிலிருந்து இப்படி ஒரு வண்டிமேல் பைத்தியம். பழைய வண்டிதான், ஆனாலும் நம்ப முடியாத அளவுக்கு மலிவாகக் கிடைத்தது. அதை விற்ற பெண்மணி சாவியைக் கையில் கொடுத்துவிட்டு, "வீட்ல வச்சு ஜாக்கி போட்டுத் தூக்காதீங்க தம்பி. ஒர்க்‌ஷாப்புல குடுத்துடுங்க" என்று மட்டும் சொன்னாள். ஏன் என்று இவன் கேட்பதற்குள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"பார்த்தியா, வண்டிமேல எவ்வளவு அக்கறை!" என்று வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தான் இவன். அவளுக்கு அது அப்போதே பிடிக்கவில்லை.

வண்டியைத் தூக்குவது இருவருக்கும் புதிதில்லை. அப்பா லாரி மெக்கானிக். அவர் போய்ப் பல வருஷமாகியும், அவர் கத்திக்கொண்டே இருந்த விதிகள் இருவர் காதிலும் இருந்தன. தூக்குவதும் இறக்குவதும் அக்காவின் வேலை. அடியில் போவது தம்பியின் வேலை. ஆனால் இது லாரி இல்லை. சாதாரண ஜாக்கி இதற்கடியில் நுழையவே நுழையாது. அதனால் முதலில் முன்சக்கரங்களை இரண்டு தடித்த பலகைகள்மேல் தள்ளி ஏற்ற வேண்டும். அப்படி ஏற்றினால் நாலு விரல் ஆறு விரலாகும். அதற்குள் தட்டையான சக்கர ஜாக்கியைத் தள்ளி, கண்ட இடத்தில் கொடுக்காமல், குறுக்கே போகும் கெட்டியான இரும்பில் ரப்பர் வட்டை வைத்துத் தூக்க வேண்டும். பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. இரண்டு பக்கமும் முட்டுக்கொடுக்க இரும்பு ஸ்டாண்டு. ஜாக்கியைத் தளர்த்தி எடையை ஸ்டாண்டின்மேல் உட்கார வைத்து, வண்டியைப் பிடித்து ஒரு உலுக்கு. அசையவில்லை என்றால்தான் ஆள் கீழே போகலாம். ஆள் இல்லாத நேரத்தில் வண்டி தூக்கிய நிலையில் நிற்கக் கூடாது.

இதற்கெல்லாம் மேலே அப்பாவின் பெரிய விதி ஒன்று உண்டு. கீழே போனவன் குரல் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். மேலே நிற்பவர் அடிக்கடி கூப்பிட வேண்டும். ஆனால் இறக்கும்போது மட்டும் குரலை நம்பக் கூடாது. ஆள் வெளியே வந்து நிற்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ஜாக்கியில் கை வைக்க வேண்டும். கூட வேலை பார்த்த ஒருவர் இன்னொருவரின் குரலைக் கேட்டு, அடியில் இருந்தவன் வெளியே வந்துவிட்டான் என்று நினைத்து இறக்கிவிட்ட கதையை அப்பா ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார்.

அதனால் சனிக்கிழமை முழுக்க ஷெட்டில் இதுதான் பேச்சு. "டேய்" என்பாள். "இருக்கேன்" என்று அடியிலிருந்து பதில் வரும். சாயங்காலம் ஒரு தடவை அவள் "டேய்" என்றதும் இரண்டு "இருக்கேன்" வந்தது. ஒன்று உடனே. ஒன்று கொஞ்சம் தள்ளி, கொஞ்சம் மெதுவாக. தகரக் கூரை எதிரொலிக்கிறது என்று அவள் தலையை நிமிர்த்திப் பார்த்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. விடாமல், ஒரே சீராக, தகரத்தின்மேல் அரிசி கொட்டுகிற சத்தத்தோடு. ஷெட்டுக்குள் ஈரச் சிமென்டும் பழைய எண்ணெயும் ரப்பரும் சேர்ந்த வாடை ஏறியிருந்தது. பகல்தான் என்றாலும் வெளிச்சம் போதவில்லை. மேலே தொங்கிய ஒற்றை பல்பு காரின் கூரையைத்தான் காட்டியது, அடியைக் காட்டவில்லை. வேலை சைலன்சர் குழாயில். அதைப் பிடித்திருந்த கொக்கி துருப்பிடித்து உடைந்து, குழாய் கீழே தொங்கியது. தம்பி கையை விட்டதும் விடாததுமாக வலது கட்டைவிரலைக் கிழித்துக்கொண்டான். அவள் கழுவி, மருந்து வைத்து, பிளாஸ்திரியை இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை உள்ளே மடித்து ஒட்டினாள். அவள் ஒட்டினால் அது குளித்தாலும் வராது.

பிறகு அவன் வலது பக்கமாக, ஒரு பெரிய அட்டையின்மேல் மல்லாந்து அடியில் போனான். அவள் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து, கேட்ட ஸ்பேனரை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கை நீளும். வைப்பாள். கை உள்ளே போகும். "டேய்." "இருக்கேன்." மழை. இரும்பு உரசும் சத்தம். அவளுக்குக் கொஞ்சம் தூக்கம்கூட வந்தது.

"பன்னிரண்டு குடு."

கை நீண்டிருந்தது. அவள் தட்டிலிருந்து எடுத்து அதில் வைத்த பிறகுதான் உறைத்தது, அது காரின் இடது பக்கம்.

"இந்தப் பக்கம் எப்படா வந்த?"

"எந்தப் பக்கம்?" குரல் வலது பக்கத்திலிருந்து வந்தது. "நான் நகரவே இல்லையே. பன்னிரண்டு கேட்டேனே, எங்க?"

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. "விளையாடாத. இப்பத்தானே கையில வச்சேன்."

"என் கையில ஒண்ணும் இல்லக்கா."

"பொய் சொல்லாதடா. கட்டிலுக்கடியில ஒளிஞ்சுக்கிட்டு என் காலைப் பிடிச்சு இழுப்பியே, அந்தப் புத்தி இன்னும் போகல உனக்கு. அன்னைக்கு அப்பா கிட்ட வாங்கின அடி மறந்துபோச்சா?"

அடியில் இரும்பு தரையில் உரசும் சத்தம் கேட்டது. பிறகு அட்டை உரச, அவன் வெளியே வந்தான். முகம் வெளுத்திருந்தது. எண்ணெய்க் கறைக்கு நடுவில் அது நன்றாகவே தெரிந்தது.

"குழாய் இணைப்புல இருக்கிற கேஸ்கெட்டும் போயிருக்கு. கடைக்குப் போய்ட்டு வந்துடறேன்" என்றான்.

"அதுக்கு ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

"எப்படி இருக்கு? நல்லாத்தான் இருக்கு."

எதையோ மறைக்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. எதை என்று தெரியவில்லை. வண்டியை அப்படியே தூக்கி வைத்துவிட்டுப் போக அவள் விடவில்லை. ஜாக்கியை ஏற்றி, ஸ்டாண்டுகளை உருவி, மெதுவாக இறக்கி, இருவருமாகப் பலகையிலிருந்து தரைக்குத் தள்ளிவிட்டார்கள். ஸ்டாண்டுகள் மூலைக்குப் போயின, பலகைகள் சுவரில் சாய்ந்தன, ஜாக்கி அதன் பக்கத்தில். தம்பி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு மழையில் ஸ்கூட்டரைக் கிளப்பினான். அவள் ஷட்டரைப் பாதிவரை இழுத்துவிட்டு உள்ளே வந்தாள்.

துணி தேய்க்கலாம் என்று இஸ்திரிப் பெட்டியைச் சூடு பண்ணினாள். இரண்டு சட்டை முடிந்திருக்கும். சமையலறைக் கதவுக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்டது. கிரிக். கிரிக். கிரிக். இறுகிய நட்டு ஸ்பேனருக்கு இடம் கொடுக்கும் சத்தம்.

அதற்குள் வந்துவிட்டானா? ஸ்கூட்டர் சத்தம் கேட்கவில்லையே. மழையில் கேட்டிருக்காது. உள்ளே வந்து தலையைத் துவட்டுகிற புத்திகூட இல்லை, ஈரத்தோடேயே போய்ப் படுத்துவிட்டான். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, மனதுக்குள் திட்டிக்கொண்டே கதவைத் திறந்தாள்.

"டேய்."

"இருக்கேன்."

"எப்ப வந்த? சளி பிடிக்கணும்னு வேண்டுதலா? நாளைக்குக் காய்ச்சல்னு என் கடையில வந்து நில்லு, அப்ப இருக்கு உனக்கு."

அடியிலிருந்து மறுபடியும் கிரிக். கிரிக். அவள் தட்டின் அருகில் போய் வாளிமேல் உட்கார்ந்தாள்.

"பதினாலு குடு" என்றது குரல்.

கை வெளியே வந்தது, உள்ளங்கை மேலே பார்க்க. அவள் பதினாலாம் நம்பரை அதில் வைத்தாள். விரல்கள் உடனே மூடவில்லை. கட்டைவிரல் ஸ்பேனரின்மேல் மெதுவாக ஒரு தடவை ஓடியது, அழுக்கு இருக்கிறதா என்று பார்ப்பதுபோல. அந்த விரலில் பிளாஸ்திரி இல்லை.

"பிளாஸ்திரியைப் பிச்சுட்டியா? ஏன்டா, நான் வேலை மெனக்கெட்டு..."

நகங்கள் சுத்தமாக இருந்தன. வெள்ளையாக. கை முழுக்க ஒரு சொட்டு எண்ணெய் இல்லை.

அவள் பேச்சை நிறுத்தினாள். ஏன் என்று தெரியாமலே தலையைத் திருப்பினாள். மூலையில் ஸ்டாண்டுகள். சுவரில் பலகைகள். பக்கத்தில் ஜாக்கி. ஷட்டருக்கு வெளியே ஸ்கூட்டர் நிற்கும் இடம் காலி. மழைத் தண்ணீர் அங்கே தேங்கி நின்றது.

கார் தரையில் நின்றது.

நாலு சக்கரமும் தரையில். அடியில் நாலு விரல் இடைவெளி. அந்த நாலு விரலுக்குள்ளிருந்து முழங்கைவரை ஒரு கை.

"அக்கா" என்றது தம்பியின் குரல், ரொம்பச் செல்லமாக. "பதினேழு குடு."

அவள் எப்படி வெளியே ஓடினாள் என்பது அவளுக்கே நினைவில்லை. தம்பி திரும்பி வந்தபோது தெருவில், கொட்டுகிற மழையில், செருப்பில்லாமல் நின்றுகொண்டிருந்தாள். அவன் பதறிப்போய் ஸ்கூட்டரை அப்படியே சாய்த்துவிட்டு ஓடிவந்தான். அவள் முதலில் செய்த காரியம், அவனுடைய வலது கையைப் பிடித்துக் கட்டைவிரலைப் பார்த்ததுதான். பிளாஸ்திரி இருந்தது. இரண்டு சுற்று, நுனி உள்ளே மடித்து. அதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

அவள் சொல்லி முடித்ததும் அவன் சிரிப்பான் என்று எதிர்பார்த்தாள். அவன் சிரிக்கவில்லை.

"நேத்தே எனக்குத் தெரியும்கா" என்றான். "அடியில படுத்திருக்கும்போது பக்கத்துல யாரோ படுத்திருக்கிற மாதிரி இருந்துச்சு. மூச்சு கேட்டுச்சு. இன்னைக்கு நான் கேட்ட பன்னிரண்டு என் காதுகிட்ட தரையில கிடந்துச்சு. துடைச்சு வச்சிருந்துச்சு."

"ஏன்டா சொல்லல?"

"சொன்னா வண்டியை வித்துடுன்னு சொல்வ."

"அடப்பாவி" என்றாள் அவள்.  அம்மா அப்பா போன பிறகு அவளுக்கு என்று இருந்தது இந்த ஒரு ஜீவன்தான். அதற்கு ஒன்று ஆகிவிட்டால் அவள் யாருக்காகச் சட்டை தேய்ப்பாள், யாரைத் திட்டுவாள்? "இப்பவே இது இந்த வீட்டை விட்டுப் போகணும். இல்லைன்னா நான் போறேன்."

வண்டியை ஏற்றிக்கொண்டு போகிற லாரிக்காரனுக்கு அவனே போன் பண்ணினான். லாரிக்காரன் இருட்டுவதற்குள் வருவதாகச் சொன்னான். ஆனால் அடியில் குழாய் தொங்கினால் ஏற்ற மாட்டானாம், கம்பி போட்டுக் கட்டி வைக்கச் சொன்னான். அப்படியே தெருவுக்குத் தள்ளலாம் என்றால், ஷட்டர் வாசலில் தண்ணீர் போகிற பள்ளத்தில் குழாய் மாட்டிக்கொள்ளும். தள்ளியே பார்த்தார்கள். மாட்டிக்கொண்டது. திரும்ப உள்ளேதான் இழுக்க முடிந்தது.

"ஒரே ஒரு கம்பிக்கா. ரெண்டு முறுக்கு. நீ பக்கத்துலயே இரு."

"வேண்டாம்டா."

"நாளைவரைக்கும் இது இங்கயே நிக்கட்டுமா? நீ ராத்திரி முழுக்கச் சமையலறையில தூங்காம உட்கார்ந்திருப்பியா?"

அவள் போய் டார்ச்சை எடுத்து வந்தாள். டார்ச்சை வைத்துத் தரையோடு தரையாகக் குனிந்து அடியைப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. காய்ந்த சிமென்டுத் தரையும், தொங்கும் குழாயும், நடுவில் பளபளக்கும் பதினாலாம் நம்பர் ஸ்பேனரும்.

எல்லாவற்றையும் முறைப்படி செய்தாள். பலகை. கட்டை. ஜாக்கி. ஸ்டாண்டு. ஒரு தடவைக்கு மூன்று தடவை உலுக்கிப் பார்த்தாள். கார் அசையவில்லை. தம்பி அட்டையை வலது பக்கம் போட்டு, டார்ச்சை முன்னால் தள்ளிவிட்டு, காலும் வெளியே தெரியாமல் மல்லாந்து முழுக்க உள்ளே போனான். பல்பை மழை அணைத்திருந்தது, கரண்ட் போய்விட்டது. வெளியே வானம் சாம்பல் நிறம். ஷெட்டில் இருந்த வெளிச்சமெல்லாம் காருக்கடியில், அவன் பக்கத்தில்.

"டேய்."

"இருக்கேன்."

"டேய்."

"இருக்கேன்கா. கம்பியைச் சுத்திட்டேன்."

"டேய்."

"இருக்கேன். கத்திட்டே இருக்காத, முறுக்கு நழுவுது."

அவள் ஜாக்கிக் கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். மழை கொஞ்சம் குறைந்தது. அந்த அமைதியில் அட்டை உரசியது. பூட்ஸ் முதலில் வந்தது, பிறகு கால், பிறகு சட்டை. அவன் எழுந்து நின்றான், தலையைக் குனிந்து, முகமெல்லாம் கறையாக.

இடது பக்கம். பரவாயில்லை, குழாயைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கமாக வந்திருப்பான். அவளுக்கு உயிர் திரும்பி வந்தது.

"முடிஞ்சுதா?"

தலையாட்டினான்.

"கையைக் காட்டு."

காட்டினான். வலது கையில் கட்டைவிரலை மூடித் துணி சுற்றியிருந்தது.

"மறுபடியும் கிழிச்சுக்கிட்டியா? வா, உள்ள போய் மருந்து வைக்கிறேன். முதல்ல இதை இறக்கிடலாம்."

தலையாட்டினான். அவள் அவன் தோளைத் தொட்டாள். சில்லென்று இருந்தது. மழையில் நனைந்தவன்தானே. ஆளைக் கண்ணால் பார்த்தாயிற்று, கையால் தொட்டும் பார்த்தாயிற்று. ஜாக்கிக் கம்பியை நாலு தடவை மேலும் கீழும் அடித்து வண்டியைக் கொஞ்சம் தூக்கினாள். வலது ஸ்டாண்டை அவள் உருவினாள். இடது ஸ்டாண்டை அவன் உருவினான்.

"அக்கா?"

குரல் காருக்கடியிலிருந்து வந்தது.

"அக்கா, ஸ்டாண்டை ஏன் எடுக்கற?"

அவள் கை நின்றது. பக்கத்தில் நின்றவனைப் பார்த்தாள். அவன் அசையவில்லை. உதட்டின்மேல் ஒரு விரலை வைத்தான். பிறகு மெல்ல, அவள் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "அதுதான்கா" என்றான். "இறக்கு."

"நான் இன்னும் உள்ளதான் இருக்கேன். என்ன பண்ற? அக்கா?"

குரலை நம்பாதே. ஆளைப் பார். அவள் பார்த்துவிட்டாள். காலையிலிருந்து அவளை ஏமாற்றியது இந்தக் குரல்தான். இதே செல்லம். இதே அக்கா. பயம் போன இடத்தில் கோபம் வந்து நின்றது. என் தம்பி குரலிலேயே என்னைக் கூப்பிடுவியா?

"என் தம்பி என் பக்கத்துல நிக்கிறான்" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

அடியில் டார்ச் வெளிச்சம் அங்கும் இங்கும் ஆடியது. பிறகு அட்டை வேகவேகமாக உரசியது. பூட்ஸ் தரையில் கீறியது.

"அது யாருக்கா உன் பக்கத்துல? அக்கா, இறக்காத! நான்தான்! கட்டிலுக்கடியில ஒளிஞ்சிருப்பேனே, நான்தான்கா!"

அதையும் அவள்தான் மத்தியானம் வாய்விட்டுச் சொன்னாள், இந்தக் காருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே படுத்திருந்திருக்கிறது.

ஜாக்கிக் கம்பியைத் திருப்பினாள்.

கார் இறங்கியது. அடியிலிருந்து தரையில் விழுந்த டார்ச் வெளிச்சம் ஒரு சாண் அகலத்திலிருந்து சுருங்கியது. குரல் கத்தியது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். வண்டி ஓர் இடத்தில் கொஞ்சம் தயங்கியது. இன்னும் கொஞ்சம் திருப்பினாள். இறங்கியது. சக்கரங்கள் பலகையின்மேல் உட்கார்ந்தன.

சத்தம் நின்றுவிட்டது.

மழை மட்டும்.

கண்ணைத் திறந்தாள். ஆறு விரல் வெளிச்சம் இருந்தது. வலது பக்கத்தில் அந்த வெளிச்சத்தைக் குறுக்கே மறித்துக்கொண்டு ஒரு கை வெளியே நீண்டிருந்தது, உள்ளங்கை மேலே பார்க்க. எண்ணெயும் கிரீசுமாக. நகக்கண்ணெல்லாம் கறுப்பு. கட்டைவிரலில் பிளாஸ்திரி. இரண்டு சுற்று. நுனி உள்ளே மடித்து.

முதுகுக்குப் பின்னால் தகரத் தட்டு லேசாகக் கிணுகிணுத்தது.

அவளால் திரும்ப முடியவில்லை. முட்டி தரையில் இடித்தது. அந்தக் கையைப் பிடித்தாள். சூடாக இருந்தது. விரல்கள் அவள் விரல்களை ஒரு தடவை அழுத்தின. பிறகு தளர்ந்துபோயின. குனிந்து, கன்னம் சிமென்டில் பட, அந்த வெளிச்சத்துக்குள் வாயை வைத்துக் கூப்பிட்டாள்.

"டேய்."

அடியிலிருந்து ஒன்றும் வரவில்லை.

"டேய்... டேய்..."

"இருக்கேன்" என்று பின்னாலிருந்து பதில் வந்தது.

கவிழ்த்த வாளிமேல் அவன் உட்கார்ந்திருந்தான். கையில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துவிட்டிருந்தான். துணிக்கடியில் கீறல் ஒன்றும் இல்லை, வெள்ளை வெளேரென்று ஒரு கட்டைவிரல். தலையைத் தூக்காமல், ஸ்பேனர்களை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து, சின்னதிலிருந்து பெரியதுவரை, தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தான்.